மூணாம் நாள் காலையில் ஒரு புதுச் சட்டை

பால் ஊற்றியாகிவிட்டது. ஜெபமும் முடிந்தது. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் செருப்பைத் தேடினார்கள். என் மகள் ரூபி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

மண் இன்னும் குவியலாகவே இருந்தது. மேலே போட்ட துலுக்க சாமந்தி பாதி வாடியிருந்தது. பால் நனைத்த இடத்துக்கு எறும்புகள் வர ஆரம்பித்துவிட்டன. அவள் நெஞ்சோடு ஒரு மஞ்சள் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலோ பிஸ்கட்டோ என்று விட்டுவிட்டேன்.

"வாடி, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இரும்மா. சித்தப்பா இன்னும் வர்லியே."

பையிலிருந்து அவள் எடுத்தது ஒரு சட்டை. நீலக் கோடு போட்ட பாப்ளின். ஈஸ்டருக்காக என் கொழுந்தன் யாக்கோபுக்கு நான் தைத்துக்கொண்டிருந்தது. காலர் வைத்தாயிற்று. காஜா எடுக்கவில்லை, பட்டன் வைக்கவில்லை. அதற்குள் அவருக்கு உடம்புக்கு வந்து, மிஷின் மேலேயே கிடந்தது.

"மண்ணெல்லாம் ஒட்டிக்கினு எழுந்து வருவாரு. மாத்திக்கத் துணி வேணாமா?" என்று கேட்டாள்.

வாய்க்கால் வரைக்கும் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யாக்கோபின் பெண்சாதி செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்குப் பின் ஞாயிறு

சென்ற வாரம் தையல் மிஷின் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அந்த மிஷின் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன காலம் இது. கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த புதிது. கள்ளக்குறிச்சி அப்போது ஜில்லா ஆகவில்லை. ஒரு நல்ல மருந்துக்கும் டவுன் பஸ் ஏறித்தான் அங்கே போக வேண்டும்.

இந்தக் குழந்தை எப்படி இப்படி ஒரு கணக்குப் போட்டாள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் பக்கத்தில் வேதத்துக்கு வந்தவர்கள் சாமியை மாற்றிக்கொண்டார்களே தவிர, சாவு முறையை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. புதைத்த மூன்றாம் நாள் காலையில் உறவுமுறைகள் கூடிப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். நாங்கள் அதற்கு "மூணாம் நாள் ஜெபம்" என்று பேர் வைத்துக்கொண்டோம். ஜெபமும் நடக்கும், பாலும் நடக்கும். செல்வி நைனார்பாளையத்துக்காரி, கல்யாணத்துக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் வாங்கினவள். அவள் அண்ணன்மார்கள் தூக்குவாளியில் பாலோடு பஸ் ஏறி வந்திருந்தார்கள். வேண்டாம் என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்?

உபதேசியார், அதாவது எங்கள் ஊர்ச் சபையை நடத்துகிறவர், இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் திரும்பி நின்று கல்வராயன் மலையில் மேகம் எப்படி இருக்கிறது என்று ஆராய ஆரம்பித்துவிடுவார். பால் ஊற்றி முடித்து யாராவது கனைத்தால்தான் இந்தப் பக்கம் திரும்புவார். மனுஷர் அவரும் இதே ஊரில்தானே குடித்தனம் பண்ண வேண்டும்.

ரூபி இரண்டாம் வகுப்பு. ஞாயிறு பள்ளியில் கெட்டிக்காரி. பெரிய வெள்ளிக்கிழமை இயேசு இறந்தார், கல்லறையில் வைத்தார்கள், ஞாயிறு விடியலில் பெண்கள் போய்ப் பார்த்தால் கல்லறை காலி. இதைப் படம் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

யாக்கோபை அடக்கம் பண்ணினது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பால் ஊற்றப் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. போனவர்களில் பாதிப் பேர் பெண்கள். குழந்தைக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? பெரியவர்கள் சட்டை எடுத்து வர மறந்துவிட்டார்களே என்றுதான் அவள் கவலைப்பட்டிருக்கிறாள்.

ஜீப் சித்தப்பா

யாக்கோபு ஜீப் ஓட்டினார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் போய், சந்தை நாளில் கடுக்காயும் புளியும் மூட்டையாக ஏற்றி இறங்குவார். பலாப்பழக் காலத்தில் அவர் வீட்டுக்குள் வந்தால் பெட்ரோல் வாசனையும் பலா வாசனையும் சேர்ந்து வரும்.

என்னை "அண்ணி, அண்ணி" என்று சுற்றிச் சுற்றி வருவார். எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்வார்கள். அவர் மட்டும் எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் திட்டுங்க அண்ணி, பசி எடுக்குது" என்பார். ரூபியை மடியில் உட்கார வைத்து அணைக்கட்டு ரோட்டில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க விடுவார். அவளுக்கு அப்பாவைவிடச் சித்தப்பாவிடம்தான் ஒட்டுதல் ஜாஸ்தி.

காமாலை முற்றிப்போய்விட்டது. கண் மஞ்சளானதைக் கறுப்புக் கண்ணாடி போட்டு மறைத்துக்கொண்டு மலை ஏறினவரை என்ன சொல்வது? அவர் மகன் தாவீதுக்கு அப்போது நாலு வயசுகூட நிறையவில்லை.

வளையல் வாங்கப் போன அம்மா

இங்கே இன்னும் பழைய கதை ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பிடித்த பிடிவாதம் விளங்காது.

நான் பிறந்தது மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில். என் அம்மா பிரசவத்தில் இறந்தபோது எனக்கு ரூபியைவிடச் சின்ன வயசு. பொங்கல் முடிந்த சமயம். தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. "உங்கம்மா ஆத்துத் திருவிழாவுக்குப் போயிருக்குது, வளையல் வாங்கிக்கினு வரும்" என்று சித்திமார்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் நம்பினேன். திருவிழா முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டு போனபிறகும் நம்பினேன். அடுத்த தை மாதம் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனார். வளையல் கடை ஒன்று விடாமல், அங்கே குனிந்து நின்ற பெண்கள் முகத்தை எல்லாம் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பாவம், பிள்ளை வளையலுக்கு ஏங்குகிறது என்று நினைத்து அப்பா கை நிறைய வாங்கிப் போட்டார்.

கடைசியில், விளையாட்டில் சண்டை வந்தபோது பெரியப்பா மகள் ஒருத்திதான் "உங்கம்மா செத்துப் போச்சுடி" என்று உண்மையைச் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்மேல்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் காய்ச்சல் சரியாகும் என்று சொன்னாலும், நாளைக்கு மழை வரும் என்று சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும். பெரியவளாகி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். உயிர்த்தெழுதல் என்று பிரசங்கத்தில் கேட்டபோதுகூட, இதுவும் வளையல் கதைதானோ என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அடக்க எனக்குப் பல வருஷம் ஆனது.

ஆளுக்கு ஒரு மருந்து

கல்லறையிலிருந்து ரூபியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள்.

என் நாத்தனார், அதாவது யாக்கோபின் அக்கா, "சித்தப்பா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிடுடி, பண்டிகைக்கு வரும்னு சொல்லு. கொழந்த தாங்காது" என்றார். ஞாயிறு பள்ளி டீச்சர் வந்து சித்தப்பா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பாயில் படுக்கவே பயந்தது. நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்று இன்னொருத்தர் சொன்னார். மறுநாள் ரூபி சிலேட்டை உடைத்தாள், பக்கத்து வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்தாள், சோற்றைக் கொட்டினாள். கெட்ட பிள்ளையாக இருந்தால் கடவுள் எடுக்க மாட்டார் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது.

சாப்பாட்டுக்கு முன்னால் கண் மூடுவதை நிறுத்தினாள். ஞாயிறு பள்ளிக்கு வர மாட்டேன் என்றாள். எதைச் சொன்னாலும் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வளையல் கடையில் நின்ற பிள்ளையின் பார்வை அது.

என் பயம் இன்னதுதான் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். அவள் கோயிலுக்கு வராமல் போவாள் என்பதைவிட, இனி ஆயுசுக்கும் நான் சொல்வதை நம்ப மாட்டாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. அம்மாவை நம்பாத பிள்ளை வேறு எதை நம்பும்?

மிஷின் பக்கத்தில்

ஒரு மத்தியானம் மிஷின் பக்கத்தில் வெட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தேன்.

"ரூபி, சித்தப்பா செத்துட்டாரு. தூங்கல. ஊருக்கும் போகல. அவரு மேல நமக்கெல்லாம் ஆசை, அதனால அழுவுறோம். நீயும் அழுவலாம்" என்றேன்.

ஒரு வெட்டுத் துணியை விரலில் சுற்றினாள். பிறகு, "அப்ப இயேசு மட்டும் எப்பிடி மூணாம் நாளு வந்தாரு?" என்று கேட்டாள்.

"அது அவரோட மூணாம் நாளு. எல்லாருக்கும் மூணாம் நாளு கெடையாது."

"சித்தப்பா எப்பவுமே வர மாட்டாரா?"

"எழுந்துப்பாரு. எல்லாரும் எழுந்துக்கிற நாளு ஒண்ணு இருக்குது. அது எனக்குத் தெரியும்."

"அது எப்ப?"

"தெரியாது."

"உபதேசியாருக்கு?"

"அவருக்கும் தெரியாது. கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் விடவில்லை. அதுவரைக்கும் சித்தப்பாவுக்குப் பசிக்குமா, எழுந்து வரும்போது மீசை இருக்குமா, ஜீப் ஓட்டுவாரா என்று வரிசையாகக் கேட்டாள். பசியும் நோவும் இல்லை என்றேன். மீசையைப் பற்றியும் ஜீப்பைப் பற்றியும் எனக்குத் தெரியாது என்றேன். தன்னை அடையாளம் தெரியுமா என்று கேட்டாள். அதற்குத்தான் யோசித்தேன். இயேசு எழுந்து வந்தபோது வேண்டியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அதனால் சித்தப்பாவும் கூப்பிடுவார் என்று நான் நினைக்கிறேன், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் நம் ஊரில் யாரும் இல்லை என்றேன்.

இயேசு ஏன் முதலில் என்பதற்கு எனக்கு வயல்தான் கைகொடுத்தது. என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் கோமுகி வாய்க்காலில் லஸ்கர். மதகைத் திறந்து தண்ணீர் விடுகிற வேலை. அவரோடு வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளைதானே அது. வயலில் முதலில் ஒரு கதிர் முற்றுகிறது, மற்றதெல்லாம் பச்சையாக நிற்கிறது, அதனால் இந்த வயல் முற்றாது என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டேன். மாட்டார்கள் என்று தலையை ஆட்டினாள். இயேசு அந்த முதல் கதிர் என்றேன்.

நான் எதிர்பார்த்த மாதிரி அவள் முகம் மலர்ந்துவிடவில்லை. வெட்டுத் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் இதைக் கேள்விப்பட்டு ஆசீர்வாதத்துக்குக் கோபம். அதிகம் பேசாத மனுஷர், அன்றைக்குப் பேசினார்.

"பெத்தவளே தெரியாது தெரியாதுன்னு சொன்னா, புள்ளைக்கு விசுவாசம் எங்கேர்ந்து வரும் சாரா? தைரியமா ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா, தெரிஞ்சதையும் நம்பாதுங்க. நான் பட்டவ" என்றேன்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். எங்களுக்குள் ஒரு வாரம் சரியாகப் பேச்சில்லை. பிள்ளையும் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் வார்த்தையை மாற்றவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று என்னை எல்லாரும் சொல்வார்கள். இந்த ஒரு முயலுக்கு நாலு காலும் இருந்தது.

லெந்து நாள் கூட்டம்

பின்னால் நடந்ததை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மறைப்பானேன்?

இந்த விஷயம் எப்படியோ வெளியே போய், பெற்றவர்கள் ஒவ்வொருவராக என் தையல் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் வருவார்கள். பேச்சு வாக்கில், "புள்ள இன்னான்னமோ கேக்குது, இன்னா சொல்றதுக்கா?" என்பார்கள். கூட்டம் சேரவே, உபதேசியார் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு ஞாயிறு மத்தியானத்தை எனக்கே ஒதுக்கிக் கொடுத்தார். எட்டாவதோடு நின்றவள் கோயிலில் நாற்காலி போட்டுக்கொண்டு பேசினேன். வெள்ளிமலைக் கிராமங்களிலிருந்துகூட இறங்கி வந்தார்கள்.

நான் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. முதலில் அவர்களைத்தான் கேட்பேன். உயிர்த்தெழுதலை நீங்கள் நம்புகிறீர்களா? யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மனைவியைப் புதைத்துவிட்டு மூன்று பெண்களை வளர்த்த மலைக்காரர் ஒருவர் ஒரு தரம் எழுந்து, "நம்பணும்னு ஆசையா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். அதையே பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அப்பா அழுததைப் பார்த்தே இராத பெண்கள் அவை. அன்றைக்கு நாலு பேரும் சேர்ந்து அழுது, பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினார்களாம். அடுத்த வருஷம் அவர் எனக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளைகள் கேட்கிற கேள்வி நமக்குள்ளும் இருக்கிறது. நாம் வாயை மூடிக்கொண்டோம், அதுகள் மூடவில்லை. கூட்டத்தில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இவ்வளவுதான்.

சரி, அந்த வருஷத்து ஈஸ்டருக்கு வருகிறேன்.

சுண்ணாம்பு வாசனை

சனிக்கிழமை கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். யாக்கோபுடையது இன்னும் மண்மேடுதான். ஓரத்தில் கல் அடுக்கி அதற்கு வெள்ளை பூசினோம். ரூபி வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு விடிவதற்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவது எங்கள் வழக்கம். ரூபியை நான் எழுப்பவில்லை. அவளே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"வர்றேன். ஆனா பாட மாட்டேன்" என்றாள்.

"பாட வேணாம். கையப் புடிச்சிக்கினு வா, போதும்."

வாய்க்கால் தண்ணீர் சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பும் மல்லிகையும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு வாசனை. செல்வி தாவீதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த மூணாம் நாளுக்குப் பிறகு அவள் வெளியே வந்தது அன்றைக்குத்தான். ஆசீர்வாதம் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றார்.

உபதேசியார் வாசித்தார், ஜெபித்தார். வெயில் முதலில் மலையுச்சியில் விழுந்தது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று அவர் சொன்னதும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை முழுவதும் சொன்னது. ரூபி வாயைத் திறக்கவில்லை. என் கைக்குள் அவள் கை விறைப்பாக இருந்தது.

அந்தச் சத்தம் அடங்கின இடைவெளியில், செல்வியின் இடுப்பிலிருந்து தாவீது மண்மேட்டைக் காட்டிக் கேட்டான்.

"எங்கப்பா எழுந்துக்கலியா?"

பாட்டு எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை. செல்வி அவன் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். என் நாத்தனார், "அப்பா ஊருக்கு..." என்று ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த கை உருவிக்கொண்டது.

ரூபி போய்ச் சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அவனைக் கீழே இறக்கிவிடச் சொன்னாள். அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு இல்லடா. உங்கப்பா செத்துட்டாரு. இன்னிக்கு இயேசு மட்டும்தான். உங்கப்பா அப்பறமா எழுந்துப்பாரு."

"எப்ப?"

"அது தெரியாது."

"நெஜமா எழுந்துப்பாரா?"

ரூபி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை அதில் இல்லை. மறுபடி அவனிடம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எங்கம்மாவ எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன்டா. தெரியாததெல்லாம் தெரியாதுன்னு சொல்லிடுச்சு. இது ஒண்ணுதான் தெரியும்னு சொல்லிச்சு. அப்ப இது நெஜம்தான்."

ஆசீர்வாதம் பெட்ரோமாக்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. இவள் என் மகள் என்று ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.